வேன் வரும் வரை

ஆஸ்பத்திரியிலிருந்து மாடத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவள் எடை எழுபத்தொரு கிலோ. வலது கை விழுந்திருந்தது. பேச்சு குழறியது. மகன் பெயர் மறந்துபோயிருந்தது, கிழமை தெரியவில்லை. உடம்பு பெருத்ததால்தான் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது என்று தெருவே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். உடம்பைக் குறைத்தால் புத்தி தெளியும் என்று பத்தியம் வைத்தேன்.

அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் போர்மேனாக இருந்தவன் நான். ஓர் அறைக்கு நாலு பேர் என்றால் நாலு பேர்தான். ஐந்தாவது ஆளை வாசலில் கால் வைக்க விடமாட்டேன். அதே கண்டிப்புதான் வீட்டிலும். காலையில் ஒரு தம்ளர் கஞ்சி, மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி இரண்டு இட்லி. காலித் தட்டைத் தடவிக்கொண்டே இருப்பாள். நான் வாங்கிக் கழுவி வைத்துவிடுவேன். ஓசூரில் இருக்கும் மகன் பிரபாகரன், பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன். வாயோரம் வழிய வழிய என் மனைவி சாப்பிடுவதை வெளியாள் பார்க்க வேண்டியதில்லை.

நாலு மாதத்தில் ஐம்பத்தெட்டு கிலோவுக்கு வந்தாள். இருந்த சொற்களும் குறைந்தன. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் பானுப்பிரியா எடை மிஷினைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"என்னய்யா இம்புட்டு இறங்கிருச்சு? ஒடம்பு இப்படிக் கரைஞ்சா மூளை எங்கிட்டுத் தேறும்? முட்டை, பருப்புன்னு நல்லாப் போடுங்க."

"பத்தியம் எனக்குத் தெரியும்மா."

அவள் மாடத்தியிடம் கிழமை கேட்டாள். மாடத்தி விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். "ஒங்க வீட்டுக்காரர் பேரு என்ன பாட்டி?" என்றாள். மாடத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

எங்கள் வீட்டுப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. நாற்பத்திரண்டு வருடத்தில் 'வெள்ளைத்துரை' என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை.

"பாத்தீகளா, அது மட்டும் மறக்கல" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து எடை அறுபத்தொன்று. கிழமை சொன்னாள். பிரபாகரன் பெயரும் வந்தது. "எல்லாம் பத்தியம்" என்றேன்.

"பத்தியத்துல எடை கூடுமாய்யா?" என்று சிரித்துவிட்டுப் போனாள் நர்ஸ். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

தினமும் காலையில் அவளை வாசல் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு டீக்கடைக்குப் போவேன். பேப்பர் படித்துத் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்காரர் வீட்டில் துக்கம். கடை பூட்டியிருந்ததால் உடனே திரும்பினேன்.

நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் வேனுக்குக் காத்திருக்கும் பெண்கள் என் வாசலில் கூடி நின்றார்கள். நடுவில் மாடத்தி, நல்ல கையான இடது கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர்களில் ஒருத்தியான அய்யம்மாள் தன் தூக்குவாளியிலிருந்து புளிச்சோற்றை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பேரச் சொல்லு அத்தை, அப்பத்தான் உருண்டை."

"அய்... அய்யம்மா."

"இந்தா நிக்காளே, இவ?"

"முத்துப்பேச்சி. வாயாடி."

கூட்டமே சிரித்தது. மாடத்தியும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து ஆறு மாதம் இருக்கும்.

என் அப்பா, நிலபுலன் உள்ள சம்சாரி வீட்டுப் புறவாசலில் கஞ்சிக்குச் சட்டி ஏந்தி நின்றவர். என் வீட்டிலிருந்து இனி ஒரு கை நீளக்கூடாது என்று அவரை எரித்துவிட்டு வந்த அன்றே முடிவு செய்தவன் நான்.

"எங்க வீட்டுல ஒலை வைக்கலன்னு நெனச்சீகளோ?"

சிரிப்பு நின்றது. அய்யம்மாள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"கோவப்படாதீக மாமா. கம்பெனி கேட்டுல தீப்பெட்டி இருக்கான்னு எங்க மடியத் தடவிப் பாக்கச் சொல்லுவீகளே, அத்தை வயித்த ஒருநாளாவது தடவிப் பாத்தீகளா?"

வேன் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள். நான் மாடத்தியை உள்ளே கூட்டிவந்தேன்.

அன்று மதியம் தட்டு நிறையச் சோறு போட்டு, முட்டையும் வைத்தேன். நிமிராமல் சாப்பிட்டாள். முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"மாடத்தி, என் பேரு என்ன?"

என்னையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"இங்கன யாரும் இல்ல. சொல்லு, தப்பில்ல."

தட்டில் ஒட்டியிருந்த பருக்கையை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தாள். வேன் பெண்கள் அத்தனை பேரும் அவளுக்குள் இருந்தார்கள். நான் இருக்கிறேனா என்பதை யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் ஆறு முட்டை அவித்தேன். உரிக்கத் தெரியாமல் நாலு முட்டை பிய்ந்துபோயின. டிபன் பாக்ஸில் வைத்து, வாசல் நாற்காலியில் அவள் மடியில் கொடுத்தேன். "அவுகளுக்கும் குடு" என்றேன். நம் வீட்டு முட்டையும் அவர்கள் சோறும் சேர்ந்தால் அது கையேந்துவது ஆகாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். டீக்கடைக்குப் போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றேன்.

பெண்கள் வந்தார்கள். ஒவ்வொரு பெயராக அவள் சொல்வது கேட்டது.

"அடியே, முட்டையப் பாருங்க, கோழி கொத்துனாப்புல இருக்கு. மாமா உரிச்சதா?" என்றாள் அய்யம்மாள். "அத்தை, மாமா பேரச் சொல்லு. ரெண்டு முட்டை உனக்குத்தான்."

நான் கதவோடு காதை வைத்தேன்.

"ஏ, வெக்கத்தப் பாருங்கடி" என்று முத்துப்பேச்சி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வேன் ஹாரன் அடித்தது.

அது வெட்கம்தானா என்று கதவைத் திறந்து பார்த்திருக்கலாம். வேன் போய் வெகுநேரம் வரை நான் திறக்கவில்லை.