சுவருக்குள் போன சுவிட்ச்

சின்ன மாப்பிள்ளைக்குத் தன் மேலேயே நம்பிக்கை கிடையாது. கதவைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். ஒருமுறை நாலாவது தரமும் இழுத்ததில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அப்பேர்ப்பட்டவர், மாமியாருக்கென்று ஒதுக்கிய அறையின் சுவருக்குத் தானே ஜிப்சம் பலகை ஒட்டுவதாக வாயை விட்டுவிட்டார்.

எல்லாம் சகலையால் வந்தது. "பூசாத சிமெண்ட் கல் சுவரு, தொட்டா முழங்கை சிராயும். அத்தை எங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்று பெரிய மாப்பிள்ளை சொந்தக்காரர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தார். அத்தை இன்று மதியம் அறையைப் பார்க்க வருகிறார். பிடித்தால் இங்கே தங்குவார், இல்லாவிட்டால் அங்கே. அங்கே போய்விட்டால் குடும்பத்தில் சின்ன மாப்பிள்ளை தலைநிமிர்ந்த மாதிரிதான்.

சுவரைத் தூசு தட்டி, தண்ணீர் தெளித்து, வாளியில் கட்டி தட்டாமல் பசை குழைத்தார். கடைசிப் பலகை வந்தபோது சுவரில் சுவிட்ச் குறுக்கிட்டது. வெள்ளை முகத்தில் பென்சில் கோடு விழக் கூடாதென்று பலகையைத் தரையில் குப்புறப் போட்டு, அளந்து, சுவிட்சுக்குச் சதுரமாக வெட்டினார். மூன்று தரம் சரிபார்த்தார். மூன்று தரமும் அளவு அச்சு அசல் சரியாகவே இருந்தது.

சுவரில் பசையை உருண்டை உருண்டையாக அப்பி, மனைவியும் அவருமாகப் பலகையைத் தூக்கி நிறுத்தி அழுத்தினார்கள். ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நின்றது. அதைப் பார்த்து அவருக்கே கண் கலங்கியது. இருவரும் தரையில் உட்கார்ந்து, ஆசை தீரச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"என்னங்க, சுவிட்ச் எங்க?" என்றாள் மனைவி.

"ஓட்டைக்குள்ள."

"ஓட்டைக்குள்ள கல்லுதான் இருக்கு."

குப்புறக் கிடந்த பலகையை நிமிர்த்தினால் வலது இடதாகும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. ஓட்டை இந்த ஓரத்தில், சுவிட்ச் அந்த ஓரத்தில், பலகைக்குப் பின்னால். மேலே விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. பலகையை இழுத்துப் பார்த்தார். பசை அதற்குள் உடும்புப்பிடி பிடித்திருந்தது.

"சுவத்தையே திருப்பி வச்சிருங்க, சரியாயிடும்" என்றாள் அவள்.

அழைப்புமணி அடித்தது. அவள் அவசரமாகக் கட்டிலை இழுத்து ஓட்டைக்குக் கீழே போட்டாள்.

அத்தை உள்ளே வந்தார். பின்னாலேயே, திரும்பக் கூட்டிப்போகும் நிச்சயத்தோடு, அவருடைய பையைக் கீழே வைக்காமல் பெரிய மாப்பிள்ளை. பலகையை நகத்தால் சுரண்டினார், தட்டினார். குறை அகப்படவில்லை.

"இது என்ன பொந்து?" என்றார் பெரிய மாப்பிள்ளை.

சின்ன மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அதற்குள் அத்தை கட்டிலில் உட்கார்ந்து, மாத்திரை அட்டையையும் சீப்பையும் அந்தப் பொந்தில் சாய்த்து வைத்தார். "தலைமாட்டுலயே வச்சிருக்காரு பாருங்க! உங்க வீட்டுல ராத்திரி மாத்திரைக்கு நான் சமையல்கட்டு வரைக்கும் நடக்கணும்."

பெரிய மாப்பிள்ளை விடவில்லை. "அது சரி. சுவிட்ச் எங்க சகலை?"

"அது வந்து, ரிமோட்டு..." என்று மனைவி ஆரம்பித்தாள். பொய்யைக் கடைசிவரை காப்பாற்றத் தன்னால் முடியாதென்று சின்ன மாப்பிள்ளைக்குத் தெரியும். "சுவருக்குள்ள இருக்கு அத்தை. தப்பா வெட்டிட்டேன்" என்றார்.

பெரிய மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்காதீங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை. "உங்க வீட்டுல எனக்குக் குடுத்த ரூம்ல சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு. பல்பு போட்டீங்களா? கேட்டு கேட்டு என் வாய்தான் வலிச்சுது. அந்தப் பைய இங்க வைங்க."

சிரிப்பு பாதியில் நின்றது. பை தரைக்கு வந்தது.

"சின்ன மாப்பிள்ளை, கொஞ்சம் கண்ணசரணும். லைட்ட அணைங்க."

அவர் ஓடிப்போய் மெயின் சுவிட்சையே இறக்கினார். வீடு மொத்தமும் கப்சிப். ஜன்னலில்லாத நடைவழியின் இருட்டில் பெரிய மாப்பிள்ளை எதன் மீதோ முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"எழுந்ததும் கூப்பிடுறேன்" என்றார் அத்தை, அறைக்குள்ளிருந்து. "அதுவரைக்கும் யாரும் போடாதீங்க."