நாலு விநாடி தாமதம்

மூன்று மணிக்குக் கூட்டம். அது முடியும்போது கொழுந்தனுக்கு வேலை இருக்காது. அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறவள் அதே அலுவலகத்தில் இருக்கும் அவன் அண்ணி.

கிரிப்டோ நாணயத்தில் நடக்கும் கொடுக்கல் வாங்கல்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்த 'பிளாக்' ஒவ்வொன்றையும் சரிபார்க்கும் நோடு என்ற புரோகிராம் அவர்கள் குழுவின் பொறுப்பு. அரை விநாடியில் முடிகிற வேலைக்குப் போன வாரம் செவ்வாயிலிருந்து நாலு விநாடி ஆகிறது. அன்றுதான் கொழுந்தன் எழுதிய மாற்றம் சர்வரில் ஏறியது. தகவலைச் சேமிக்கும் முறையே மாறிவிட்டதால் உடனே பழையதற்குத் திரும்பவும் வழியில்லை. வேறு யாராவது என்றால் அண்ணி ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்திருப்பாள். சொந்தக்காரனுக்குச் சலுகை என்று எவனும் வாயைத் திறந்துவிடக் கூடாதே! எல்லார் முன்னாலும் அவனை வெளுத்து வாங்கிவிட்டாள்.

ஒன்றரை மணிக்கு ஆதாரம் திரட்ட உட்கார்ந்தாள். ஓடுகிற புரோகிராமை நிறுத்தாமலே உள்ளே எட்டிப் பார்க்க டிரேசர் என்று ஒன்று உண்டு. அதை மாட்டுமுன், ஏற்கெனவே ஏதும் மாட்டியிருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்தாள். ஒன்று இருந்தது. அவள் பெயரில். அவனுடைய மாற்றத்தைக் கவனிக்கச் செவ்வாயன்று அவளே மாட்டியது. சரிபார்க்கும்போது நோடு தேடிப் பார்க்கும் ஒவ்வொரு நாணயத்துக்கும் அது ஒரு வரி குறிப்பு எழுதும். ஒரு பிளாக்குக்கு ஆயிரக்கணக்கான வரிகள். எட்டு நாளாக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

"அடிப் பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டு அதைக் கழற்றினாள். அடுத்த பிளாக் வரப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அதை நோடு அரை விநாடியில் சரிபார்த்து முடித்தது. ஏதோ தற்செயல் என்று மனம் சப்பைக்கட்டு கட்டியது. அதற்கடுத்த பிளாக்கும் அரை விநாடிதான்.

நேரே மேலாளர் அறைக்குப் போனாள். "சார், அவன் மேல தப்பில்ல. நான் மாட்டின டிரேசர்தான் நோடை இழுத்துப் பிடிச்சிருக்கு. கழற்ற மறந்தது நான்."

"எட்டு நாளாவா?"

"ஆமா சார்."

அவர் கூட்டத்தை ரத்து செய்தார். "இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க" என்றார்.

கொழுந்தனிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று அவன் இருக்கைக்கு வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் ஒரு தாளை நீட்டினான். தவறு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டிருந்தான். அவளுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

"நீ எழுதினதுல எந்த வரிலடா தப்பு?"

"தெரியல அண்ணி. பத்து தடவை பார்த்துட்டேன், ஒண்ணும் சிக்கல. ஆனா நீங்களே சொல்றீங்கன்னா, எங்கேயாவது இருக்கும்தானே?"