நேரில் பார்த்தவர்

பாடை மூங்கிலில் பொங்கியண்ணன் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் மகள் லாஸ்யா வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"நிறுத்துங்க சித்தப்பா. அப்பாவ எடுக்க வேண்டாம்."

அவள் இன்னும் பள்ளிச் சீருடையில்தான் இருந்தாள். காலையில் இரும்பு வார்க்கும் பவுண்டரிக்குப் போன அண்ணன் தனபாலை மத்தியானம் கம்பெனி வேனில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். மாரடைப்பு என்றார் மேனேஜர். கம்பெனி டாக்டரின் சான்றிதழும் கையோடு வந்திருந்தது. இருட்டுவதற்குள் ஆத்துப்பாலம் மயானத்துக்குப் போய்விட வேண்டும் என்று மேனேஜர்தான் எல்லோரையும் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"அழுவாத கண்ணு, உள்ள போ" என்றார் இப்போதும்.

"நான் அழுவலீங்க. குளிப்பாட்டறப்ப அம்மா பாத்தாங்க. பின்னந்தலை ஒடஞ்சிருக்குது."

"மயங்கி விழுந்தப்ப பட்டிருக்கும்."

"அப்ப அத கவர்மென்ட் டாக்டர் பாத்துச் சொல்லட்டுங்க. இந்த மாதிரிச் சாவுன்னா போலீசு விசாரிக்கோணும். பத்தாவது படிக்கிற புள்ள புகார் குடுத்தாலும் வாங்கோணும். குடிமையியல் வகுப்புல நானே எந்திரிச்சுக் கேட்டேன், மிஸ் சொன்னாங்க." அவள் சித்தப்பாவின் கையை விடவில்லை. "நூறுக்குப் போன் பண்ணிப்போட்டேன்."

பறைச் சத்தம் நின்றது.

"பெத்த அப்பன அறுக்கச் சொல்றாளே!" என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். லாஸ்யா உதட்டைக் கடித்தாள். ஆனால் நகரவில்லை. அண்ணி மட்டும் புருஷனின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேனேஜர் பொங்கியண்ணனைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போனார். "நீ சொன்னா அந்தப் புள்ள கேக்கும். தனபால் எடத்துல உன்னையத்தான் போடறதா மொதலாளி சொல்லியிருக்காரு. யோசிச்சுக்க."

பொங்கியண்ணன் சுவரைப் பார்த்தார். கிரேன் சங்கிலி தேய்ந்துவிட்டதென்று அண்ணன் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. இன்று அது அறுந்து அண்ணன் தலையில் அடித்தபோது பொங்கியண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். வேனில் தூக்கிப் போட்டதும் அவர்தான். வெளியே மூச்சு விடாதே என்றார்கள். சரியென்று தலையாட்டியிருந்தார்.

ஜீப் வந்து நின்றது. இறங்கிய பெண் எஸ்.ஐ. கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "புகார் குடுத்தது யாரு?"

"நானுங்க. லாஸ்யா. எறந்தவரோட மக."

"சம்பவத்த யாராச்சும் நேர்ல பாத்தாங்களா?"

"தெரியலீங்க."

சித்தப்பாவும் அதே ஷிப்ட் என்பது அவளுக்குத் தெரியும். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணியும் பார்க்கவில்லை. மேனேஜர் மட்டும் பார்த்தார்.

பொங்கியண்ணன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான் பாத்தேனுங்க. மாரடைப்பு இல்லீங்க. கிரேன் சங்கிலி அந்துபோச்சு."

"பொங்கியண்ணா!" என்றார் மேனேஜர்.

"எழுதிக்குங்க மேடம்."

அரசு ஆஸ்பத்திரிக்குப் போக ஆம்புலன்ஸ் வந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. அண்ணியும் லாஸ்யாவும் முதலில் ஏறினார்கள். பொங்கியண்ணன் கதவைப் பிடித்தபடி கீழேயே நின்றார்.

லாஸ்யா அவரைப் பார்க்காமல், அவருக்கு இடம் விட்டுப் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.