மண் கால்

அம்மன் கோயில் கொடைக்காகச் சொந்த ஊரிலிருந்து ரயிலில் வந்த பெட்டியை ராஜசேகர் திறந்தான். நேர்ச்சைக்குச் செய்யச் சொல்லியிருந்த மண் உருவங்களில் குழந்தை இருந்தது, கை இருந்தது, கண் இருந்தது. சீனியம்மாள் நேர்ந்துகொண்ட கால் மட்டும் வைக்கோலுக்குள் நொறுங்கிக் கிடந்தது.

"வழியில ஒடஞ்சிருக்குக்கா. அடுத்த வருசம் வச்சிருவோம்," என்றான். கோயில் கமிட்டிக்காரன், ஆறுதலாகத்தான் சொன்னான்.

அடுத்த வருஷம்வரை அவள் கணவனின் கால் காத்திருக்காது. சர்க்கரைப் புண் இடது கால் விரல்களைக் கறுப்பாக்கிவிட்டுப் பாதத்தில் ஏறிக்கொண்டிருந்தது. காலை எடுப்பதா வேண்டாமா என்று பெரிய டாக்டர் இன்று சாயங்காலம் சொல்வார். அய்யாத்துரை மெஷினை மிதித்துத் தோல் பை தைக்கிறவர். "காலு போனா நான் எதுக்குளா?" என்று நேற்றுக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிச் சுவரின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பேசவில்லை, சாப்பிடவும் இல்லை.

சீனியம்மாள் உடைந்த துண்டுகளை முந்தானையில் கட்டிக்கொண்டு எதிர்வீட்டு பீவியிடம் போய் நின்றாள். பீவி தோல் பட்டறையில் வெட்டு வேலை செய்கிறவள். முந்தானையைப் பிரித்துப் பார்த்தாள்.

"இதுக்கா இப்பிடி நிக்கே? கும்பார்வாடாவுல அத்தன பேரு மண்ணு பெசையுறாங்க. ஒருத்தன் கால் செய்ய மாட்டானா? வா."

குஜராத்திக் குயவர் மன்சுக்பாய் விளக்கும் பானையும் செய்வார், கால் செய்ததில்லை. பீவி பட்டறை இந்தியில் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றித் தன் காலை நீட்டி, அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். நகங்களைக்கூட ஈர்க்குச்சியால் கீறிவிட்டார். சீனியம்மாள் கண்ணை மூடி அம்மனை அழைத்துக்கொண்டே இருந்தாள். சூளைச் சூட்டில் ஓரளவு காய்ந்ததும் பழைய சேலைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அவர்கள் கோயிலுக்கு வந்தபோது பந்தலில் வில்லுப்பாட்டு முடியும் கட்டத்தில் இருந்தது. முளைப்பாரிகள் வரிசையாக வந்து இறங்கியிருந்தன. பொங்கல் பானைகளின் புகை தகரக் கூரைக்கடியில் நின்றது. பீவி மழைக்குக் குடை பிடித்து, இருவர் செருப்பையும் காவல் காத்தபடி பந்தலுக்கு வெளியே நின்றாள்.

சீனியம்மாள் துணியை அவிழ்த்தாள். பக்கத்தில் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த வந்தனா எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கு. ஏளா, அண்ணனுக்கு எடது காலுல்லா? இது வலதுல்லா."

பெருவிரல் இருந்த பக்கத்தை அப்போதுதான் சீனியம்மாள் பார்த்தாள். குயவர் நீட்டியது வலது கால். எந்தக் கால் என்று அவர் கேட்கவும் இல்லை, இவள் சொல்லவும் இல்லை.

"சீக்கிரம் கொண்டாங்க, தீவாராதன காட்டணும்," என்று பூசாரி உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

அவள் வெளியே வந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். முதல் கால் உடைந்தது, இரண்டாவது கால் மாறிப்போனது. தனக்கு இனி தெய்வமும் இல்லை என்று தோன்றியது. அழுகைகூட வரவில்லை.

பீவி குடையோடு அவளருகில் குந்தினாள். மண் காலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணனுக்கு வலது காலு நல்லாருக்குல்லா?"

"அது நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இது சாம்பிளு. பட்டறைக்கு ஆர்டர் குடுக்க வாறவங்க என்ன செய்வாங்க? புதுப் பை வேணும்னா நல்ல பைய முன்னால வச்சு, இதே மாதிரி போட்டுத் தாங்கன்னு கேப்பாங்க. போயி அம்மங்கிட்ட இத வையி. இந்தக் காலு மாதிரி அந்தக் காலையும் ஆக்கிக் குடுன்னு கேளு."

"அப்பிடி யாரும் கேட்டதில்லக்கா."

"நீ கேளு. ஒனக்குக் கேக்கத் தெரியலன்னு அவ கோவிச்சிக்கவா போறா?"

சீனியம்மாள் எழுந்தாள். சேற்றோடு உள்ளே போய்க் காலை வைத்தாள். சத்தமாகவே கேட்டாள், வந்தனா அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். பூசாரி அதன்மேல் திருநீறு தூவினார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவள் நடந்ததைச் சொன்னபோது அய்யாத்துரை சுவர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து குனிந்தாள்.

"சாம்பிளா?" என்றார். சிரித்துக்கொண்டிருந்தார். "பீவிக்கு ஆர்டர் புடிக்கிற புத்தி போவாதுளா."

டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். நெடுநேரம் அழுத்திப் பார்த்தார். இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியாது என்றார். மற்றதைப் பற்றி இப்போது சொல்வதற்கில்லை. இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றார்.

அந்த நேரம் முழுவதும் சீனியம்மாள் புண்ணைப் பார்க்கவில்லை. கணவனின் வலது பாதத்தை இரு கைகளாலும் பிடித்து, கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டியபடி நின்றிருந்தாள்.