எல்லாருக்கும் ஒரே வியூ

மருத்துவமனையில் அவளுக்கு ‘சரிங்க’ என்று பட்டப்பேர். யார் என்ன கேட்டாலும் அவள் வாயில் முதலில் வருவது அதுதான்.

டேட்டாபேஸில் அங்கங்கே கிடக்கும் விவரங்களைத் திரட்டி, கணக்குப் போட்டுத் திரையில் காட்டும் ஏற்பாட்டை ‘வியூ’ என்பார்கள். எந்தக் கிளையில் எந்த மருந்து எவ்வளவு இருப்பு என்று சொல்லும் வியூவை அவள்தான் போட்டாள். புதிதில் அது சிட்டாய்ப் பறந்தது.

அப்புறம் ஆளாளுக்கு வந்தார்கள். கொள்முதல்காரர் எல்லாக் கிளைகளின் பழைய விலைகளையும் கேட்டார். சரிங்க. கிடங்குக்காரர் ஒவ்வொரு மருந்துக்கும் படம் கேட்டார். சரிங்க. இப்போது கவுன்ட்டரில் இருக்கும் மருந்தாளர் அக்கா ஒரு மாத்திரைக்குத் தட்டினாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து வரிசையில் நின்றவர்களுக்கே தலை சுற்றியது.

சாயங்காலம் தலைமை மருத்துவர் பார்க்க வருகிறார். அப்போதும் வட்டம் சுற்றினால் வியூவைத் தூக்கிவிட்டுப் பழையபடி போனில் கேட்டுக்கொள்வார்கள். தற்காலிக வேலையில் இருந்த அவளையும் கையோடு தூக்கிவிடுவார்கள். வேலை நிரந்தரமாகும் என்ற தைரியத்தில்தான் தங்கையைக் கல்லூரியில் சேர்த்திருந்தாள்.

“ஏம்மா, நான் கேக்கறது என் கவுன்ட்டர் இருப்பு. அது எதுக்கு ஊரையே கூட்டிட்டு வருது?” என்று அலுத்துக்கொண்டாள் அக்கா.

அவள் வியூவைத் திறந்து படிப்படியாகப் பார்த்தாள். எந்தக் கிளை என்று பிரிக்கும் வேலை முதல் படியில் இருக்க வேண்டும். கொள்முதல்காரருக்கு எல்லாக் கிளையும் வேண்டுமே என்று அதைக் கடைசிப் படிக்குத் தள்ளியிருந்தாள். அதனால் எல்லாக் கிளைகளின் எல்லா விவரங்களும், விலை, படம் உட்பட, மேலே கடைசிப் படி வரை ஏறி வந்தன; வேண்டாதவை அங்கேதான் கழிக்கப்பட்டன. மாடு மாதிரி உழைத்தது பாவம், வீணாக.

கொள்முதல்காரருக்குப் போன் போட்டாள்.

“சார், பழைய விலைக்குத் தனியா ஒரு வியூ தரேன். இதுல இருந்து எடுத்துடறேன்.”

“அன்னிக்குச் சரிங்கன்னியே?”

“சொன்னேன் சார். இப்ப எடுக்கறேன்.”

போனை வைத்தாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அந்தத் தெம்பில் படங்களையும் வெளியேற்றினாள். கிளை பிரிப்பதைக் கீழே, முதல் படிக்கே கொண்டுவந்தாள். கவுன்ட்டருக்கு வேண்டியதை மட்டும் மேலே விட்டாள்.

சாயங்காலம் தலைமை மருத்துவர் மேலாளரோடு வந்து தானே ஒரு மருந்தைத் தட்டினார். விரலை எடுப்பதற்குள் பதில் வந்து நின்றது. நம்பாமல் இன்னொன்றைத் தட்டினார். அதுவும் வந்தது. அப்பாடா!

“பிரமாதம்மா! இதுலயே நர்ஸுங்க டியூட்டி விவரத்தையும் சேத்துடேன்.”

கவுன்ட்டரே அவள் வாயைப் பார்த்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

“வேணாம் சார். அதுக்குத் தனியா போட்டுத் தரேன். சேத்தா மறுபடி சுத்த ஆரம்பிச்சுடும்.”

அவர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இப்படிக் காவல் காக்க ஒரு ஆள் வேணும்தான்” என்று மேலாளர் பக்கம் திரும்பினார். “இவங்களை நிரந்தரமாக்கிடுங்க.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நாளைக்கு ஆர்டர் ரெடி பண்ணிடறேன். வந்து வாங்கிக்கறீங்களா?” என்று கேட்டார் மேலாளர்.

“சரிங்க” என்றாள்.