சிவப்புத் தண்ணீர்

பெயிண்டர் என்றால் எல்லா நிறத்தோடும் பழகியவன் என்றுதான் நினைப்போம். ஆனால் தேய்க்கிற நேரத்தில் அவனுக்கு ஒரு நிறம் மட்டும் ஆகவே ஆகாது. அது அந்த வண்டியின் நிறம்தான். வண்ணத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி அடித்திருக்கும் லேக்கரைத் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்த்தால், ஓடுகிற தண்ணீர் பாலாக வெளுத்து ஓட வேண்டும். அதில் வண்டியின் நிறம் தெரிந்தால் லேக்கர் போய்விட்டது, அடுத்தது வண்ணமும் போகிறது என்று அர்த்தம். அப்புறம் மொத்தத்தையும் முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான்.

பானெட்டிலிருந்து வழிந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. வண்டியும் சிவப்பு.

தேய்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று கையை எடுத்தான். குவளையில் தண்ணீரை அவசரமாக அள்ளி ஊற்றினான். பானெட் சுத்தமானது. கை வைத்த இடத்தில் மறுபடியும் மெல்லிய சிவப்புக் கோடு ஓடியது. மடிப்பு வரும் ஓரங்களில், பேப்பரைச் சுற்றித் தேய்க்கிற ரப்பர் கட்டையை வைக்க முடியாது. பேப்பரை விரலில் மடித்துப் பிடித்து, எவ்வளவு அழுத்துகிறோம் என்று விரலைக் கேட்டுக் கேட்டுத்தான் தேய்க்க வேண்டும். அவன் விரல்கள் பதில் சொல்வதை நிறுத்திக் கொஞ்ச காலமாகிறது. முதலில் மரத்தது, பிறகு அதுவும் பழகிப் போனது. வீட்டில் அடுப்பில் இருந்த பாத்திரத்தை வெறும் கையால் இறக்கி வைத்தபோது, "இது கையா இரும்பா" என்று மனைவி சிரித்தாள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தான். இந்தக் கையை விட்டால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது. அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன மாதம் ஒரு வேனின் கதவு ஓரத்தை இப்படித்தான் தேய்த்துத் தீர்த்தான். பட்டறை மனைவியின் அண்ணனுடையது. மச்சான் வாய் ஓயாத மனுஷன், செத்த வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வருகிறவர். அன்றைக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வாட்டர் பேப்பரையே தொடாத மாப்ள. எடுபிடி மாதிரி டேப்பு ஒட்டிக்கிட்டு இரு" என்றார்.

இப்போது அவர் பாலிஷ் மெஷினைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து வந்தார்.

"என்ன மாப்ள, வண்டிய தேய்க்கிறியா, தூங்க வைக்கிறியா? ஆளு சாயங்காலம் வந்து நிப்பான்."

"ஓரம் மட்டும்தான் பாக்கி மச்சான். நீங்க டிக்கிப் பக்கம் ஆரம்பிங்க. நான் கூப்பிடுறேன்."

"டிக்கி முடிச்சு முகம் பாத்தாச்சு. எனக்கே என்னைப் பிடிச்சுப் போச்சு." அவர் நகரவில்லை. அவர் கண் பானெட்டிலிருந்து இறங்கித் தரையில் ஓடிய தண்ணீரில் நின்றது. "கலரு போயிடுச்சா?"

 அவன் ஏதாவது சொல்லிப் பூசி மெழுகலாம் என்று பார்த்தான், பொய்யும் கைகொடுக்கவில்லை.

மச்சான் மெஷினைக் கீழே வைத்தார். துணியை எடுத்துப் பானெட்டைத் துடைத்தார். குனிந்து, வெளிச்சத்துக்கு எதிராகத் தலையைச் சாய்த்து, ஓரம் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தது. எங்கேயும் லேக்கர் பெயரவில்லை.

"லேக்கர் அப்படியே இருக்கே. அப்ப இது எங்கருந்து வருது?"

பதிலுக்குக் காத்திராமல் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கையைத் திருப்பினார். மூன்று விரல் நுனிகளிலும் தோல் இல்லை. பேப்பரோடு சேர்ந்து அவையும் வண்டியில் தேய்ந்திருந்தன. ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷம் பொங்கியது, சிரிப்பே வந்துவிட்டது.

"அப்ப பெயிண்ட் போகல இல்ல மச்சான்?"

"போகல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்டா." அவர் இதற்கு முன் அவனை 'டா' போட்டதில்லை. "வலிக்கலையா உனக்கு?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "வேலை மும்முரத்துல கவனிக்கல."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியறதுக்கு என்ன இருக்கு? சும்மா சிராய்ப்பு."

மச்சான் தோளில் கிடந்த துண்டைக் கிழித்து விரல்களில் சுற்றினார். சுற்றியவர் கையை விடவில்லை. அவனுடைய இன்னொரு கையையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அது அடிபடாத கை.

"கண்ண மூடு."

"எதுக்கு மச்சான்? வேலை கிடக்கு."

"மூடுன்னா மூடு."

மூடினான்.

"இப்ப ஒரு விரலை அழுத்துறேன். எந்த விரல்னு சொல்லு."

அவன் காத்திருந்தான். எதுவும் தெரியவில்லை. இன்னும் அழுத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். ஆனால் மச்சானின் மூச்சு பக்கத்தில் பலமாகக் கேட்டது, பலத்தையெல்லாம் கூட்டி எதையோ இறுக்குகிறவனின் மூச்சு. ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

"மோதிர விரல்" என்றான்.

 அவன் கண்ணைத் திறந்தபோது, மச்சான் அந்த அடிபடாத கையின் சுண்டு விரலை இரண்டு கையாலும் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.