மிச்சம் கிடந்த செத்தவீடு

ஊரில் யார் யாருக்கு உடம்பு சரியில்லை என்று குணலட்சுமி விசாரிக்கத் தொடங்கி ஒரு மாதமாகிவிட்டது. சாகவேண்டும் என்று அவள் யாரையும் சபிக்கவில்லை. அவ்வளவு கெட்டவள் இல்லை. ஆனால் பரமலிங்கத்தாருக்குத் தண்ணீரும் இறங்கவில்லையாம் என்று பக்கத்து வீட்டுச் சின்னாச்சி வந்து சொன்னபோது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது உண்மை. அந்த மனுஷன் மறுநாளே எழுந்திருந்து கஞ்சி குடித்து, நாலாம் நாள் புகையிலைத் தோட்டத்துக்கும் போய்விட்டார். குணலட்சுமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பரமலிங்கத்தார் பிழைத்ததற்கு அழுத ஒரே ஆள் அளவெட்டியில் அவளாகத்தான் இருக்கும்.

எல்லாம் ஒரு டாக்டர் பட்டத்தால் வந்த வினை.

அவளுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. உடுவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். வீட்டில் அவளும் தாய் சிவக்கொழுந்தும் மட்டுந்தான். நாலு வருஷத்துக்கு முன்பு, ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு, இசையில் ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று அக்கரையில், இந்தியாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டாள். "பாட்டுக்கும் டாக்குத்தர் இருக்கினமோ? தொண்டை கட்டினால் இனி உன்னட்டைத்தானே வரவேணும்" என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டாள்.

கீர்த்தனைகளைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அனுப்பிய முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. அது எங்களிடம் வண்டி வண்டியாக இருக்கிறது, உங்கள் மண்ணில் உள்ளதைச் சொல்லுங்கள் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். அன்றைக்கே அவள் 'யாழ்ப்பாணத்து ஒப்பாரியின் இசை' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழ் ஒரு வாக்கியத்தையும் சேர்த்தாள். என் தாயார் ஒப்பாரி சொல்வதில் பேர்போனவர், ஆகவே பாடல்களைத் திரட்டுவதில் எனக்குச் சிரமம் இராது.

அந்த வாக்கியத்தைப் பார்த்துத்தான் இடம் கொடுத்தார்கள். அந்த வாக்கியந்தான் பொய்யாகவும் போனது.

சிவக்கொழுந்து வாய் திறந்தால் செத்தவீட்டு முற்றத்தில் நிற்கிற ஆம்பிளைகளும் சால்வையால் கண்ணைத் துடைப்பார்கள். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிணம் இல்லாத வீட்டில் ஒப்பாரி சொல்லச் சொல்லி யமனே வந்து கேட்டாலும் அவள் சொல்லமாட்டாள்.

"எணை அம்மா, ஒருக்காச் சொல்லணை. மெல்லமாச் சொன்னாக் காணும்."

"உனக்கென்ன விசரே? செத்தவீடு இல்லாமல் ஒப்பாரி சொல்லுறதோ? சொன்ன வாய் மூடமுன்னம் வீட்டிலை ஒரு ஆளைக் கொண்டு போகும். பாட்டெண்டால் நீ பாடு பிள்ளை. இது பாட்டில்லை."

இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தவளுக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். நன்றாகத் தெரியும். எனக்கென்றால் அம்மா இறங்கி வருவாள் என்று நினைத்துவிட்டாள். பெற்ற தாயைப் பற்றிப் பிள்ளைகள் எல்லாரும் விடுகிற பிழைதான்.

சரி, செத்தவீடுகளுக்குப் போய்க் கேட்டு எழுதலாமே? போனாள். இரண்டு வருஷத்தில் பத்தொன்பது செத்தவீடு. ஆனால் யாழ்ப்பாணத்துப் பெண்கள் தனியே இருந்து அழுவதில்லை. வட்டமாக இருந்து, இந்தப் பக்கத்தாளின் தோளில் ஒரு கையும் அந்தப் பக்கத்தாளின் தோளில் ஒரு கையும் போட்டு, தலையோடு தலை முட்டித்தான் அழுவார்கள். ஒருத்தி ஒரு அடியைச் சொல்ல, அது முடிகிற இடத்தில் மற்றவர்கள் கூடப் பிடித்து இழுப்பார்கள். வட்டத்துக்குள் இருந்தால் எழுதக் கை இராது. கேட்டதை வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால், நாலு பேர் ஒரே நேரத்தில் சொல்லி அழுததில் துண்டும் துணுக்குமாகத்தான் நினைவில் நிற்கும். ஒருதரம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிற கொப்பியோடு வட்டத்துக்கு வெளியே இருந்து பார்த்தாள். செத்தவரின் மகள் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் கொப்பியைக் கொண்டு போனதில்லை.

இப்படியாக ஐந்து அதிகாரம் முடிந்துவிட்டது. ஒரு முழு ஒப்பாரி, ஒரே ஆள் சொன்னது, தொடக்கம் முதல் முடிவு வரை சுரக்குறிப்போடு இருக்கவேண்டிய ஆறாவது அதிகாரம் வெறும் தலைப்போடு கிடந்தது. இரண்டு தவணை கொடுத்துவிட்டோம், செப்டெம்பர் முப்பதுக்குள் முழு ஆய்வேடும் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம் என்று கடிதம் வந்தது. யுத்த காலத்துத் தபாலை நம்பமுடியாது, இருபதாம் திகதிக்காவது அனுப்பவேண்டும். அப்போது ஆவணி பிறந்து நாலைந்து நாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தாய் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, குணலட்சுமி கதவு யன்னல் எல்லாவற்றையும் சாத்தினாள். நினைவில் இருந்த துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பாடிப் பார்த்தால் முழுதாக ஒன்று வரக்கூடும் என்று ஒரு நப்பாசை. மெல்லத்தான் தொடங்கினாள். பழகிய குரல் அல்லவா, மூன்றாம் அடியில் தானாக ஏறிவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சுரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசல் படலை படாரென்று திறந்தது.

"ஐயோ என்ரை சிவக்கொழுந்தக்கை! என்னை விட்டிட்டுப் போட்டியோ!"

சின்னாச்சி தலையை விரித்துப் போட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒழுங்கையில் அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்த பெண்கள் பத்துப் பேர். ஆம்பிளைகள் இரண்டு பேர் பறைக்குச் சொல்லியனுப்ப ஆள் தேடிக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்துச் சிவக்கொழுந்து ஒரு கட்டு முளைக்கீரையோடு பின்வேலிக் கடப்பால் வந்தாள். தன் செத்தவீட்டுக்குத் தானே வந்து சேர்ந்தவள் முற்றத்து நடுவில் நின்று எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு யன்னலைப் பார்த்தாள்.

ஊர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உயிரோடை இருக்கிற தாய்க்கு ஒப்பாரி சொல்லுறாள், உவளும் ஒரு பிள்ளையோ" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். சிவக்கொழுந்து தலைக்கு முழுகி, பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். மூன்று நாள் மகளோடு கதைக்கவில்லை.

நாலாம் நாள் குணலட்சுமி பேராசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். என்னால் முடியவில்லை, என் பெயரை நீக்கிவிடுங்கள். இரண்டே வரி. அதை எழுதக்கூடக் கை ஓடவில்லை. நாலு வருஷம், கண்ணைக் கெடுத்துக்கொண்டு எழுதிய ஐந்து அதிகாரம், பள்ளிக்கூடத்தில் கெஞ்சி வாங்கிய லீவு, எல்லாம் ஆற்றில் கரைத்த புளி. மேசையில் தலையைப் போட்டு ஓவென்று அழுதாள். தாய் வாசலில் வந்து நின்றாள்.

"இப்ப ஆர் செத்ததெண்டு அழுறாய்?"

"ஒருத்தரும் சாகேல்லை எண்டுதான் அழுறன்!" என்றாள் குணலட்சுமி. சொல்லத் தொடங்கியது பிறகு நிற்கவில்லை. "போன கார்த்திகையிலை நீ காய்ச்சலிலை கிடந்தாயெல்லே. நான் பக்கத்திலை இருந்தனான். நீ போனால் ஊர் திரண்டு வந்து அழும், எனக்கு ஒரு முழு ஒப்பாரி கிடைக்கும் எண்டு நினைச்சனான் அம்மா. கொஞ்ச நேரந்தான். ஆனால் நினைச்சனான். நான் மனுசியோ? நீயே சொல்லு, நான் மனுசியோ?"

சிவக்கொழுந்து அப்படியே நிலத்தில் இருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். 

"இந்த வீட்டிலை ஒரு செத்தவீடு மிச்சம் கிடக்கு."

குணலட்சுமி தலையை நிமிர்த்தினாள்.

"உனக்கு முன்னம் ஒருவன் பிறந்தவன். இருபத்தெட்டாம் நாள் செத்துப்போட்டான். முப்பத்தொண்டிலை துடக்குக் கழியமுன்னம் போன பிள்ளைக்குப் பறையில்லை, பந்தலில்லை, ஒரு சனம் வராது. உன்ரை அப்பர் துண்டிலை சுத்திக் கொண்டுபோய்த் தாட்டுப்போட்டு வந்தார். நான் கத்த வெளிக்கிட்டன். சின்னாச்சி ஓடி வந்து என்ரை வாயைப் பொத்தினவள். 'அழாதையக்கை, இவனுக்கு அழுதால் அடுத்தது தங்காது' எண்டு சொன்னவள். பொத்தின வாயை நான் திறக்கேல்லை. அடுத்தது நீ. நீ தங்கவேணும் எண்டு நான் அழேல்லை."

அம்மாவின் குரலில் அழுகை இல்லை. கிணற்றடியில் யாரோடோ கதைப்பது போலச் சொன்னாள்.

"சந்நிதி முருகன்ரை தேரண்டைக்கு ஊர் முழுக்கத் தொண்டைமானாத்துக்குப் போகும். ஒழுங்கையிலை ஒரு குருவி நிக்காது. அண்டைக்குச் சொல்லுறன். முருகன் கேட்டால் கேக்கட்டும். ஒருக்காத்தான் சொல்லுவன் பிள்ளை. கொப்பியை எடுத்து வைச்சிரு."

தேர் அன்று விடியவே வண்டில்கள் எல்லாம் போய்விட்டன. சிவக்கொழுந்து முழுகி, ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வீட்டு நடுவில் இருந்தாள். குணலட்சுமி எதிரே கொப்பியோடு இருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு வரி கோடு போட்டு வைத்திருந்தாள். மேல் வரி சொல்லுகிறவளுக்கு, கீழ் வரி கூடப் பிடிக்கிறவர்களுக்கு.

"முப்பத்தொண்டு காணமுன்னம், என்ரை ராசா,
முகம் மறைச்சுப் போனியோடா!
தொட்டில் கயிறு கட்டமுன்னம், என்ரை ராசா,
துண்டிலை சுத்தித் தந்தனேடா!"

குணலட்சுமி எழுதினாள். சுரம் சறுக்குகிற இடம், மூச்சு முட்டி நிற்கிற இடம், அழுகை அடியைத் தின்றுவிடுகிற இடம், ஒன்றையும் விடவில்லை. முதல் அடி முடிந்ததும் அம்மாவின் இரண்டு கையும் இரண்டு பக்கமும் நீண்டதைக் கண்டாள். தோள் தேடுகிற கைகள். அங்கே தோள் இல்லை. கைகள் அந்தரத்தில் கொஞ்சம் தடவிவிட்டு மடியில் வந்து விழுந்தன. ஒவ்வொரு அடி முடிவிலும் அப்படியே நீண்டன, அப்படியே விழுந்தன. எழும்பிப் போய்ப் பிடித்தால் எழுத முடியாது. எழுதாவிட்டால் இன்னொரு தரம் கிடைக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு பதினேழு அடியும் எழுதி முடித்தாள். கொப்பியில் மேல் வரி நிறைந்திருந்தது. கீழ் வரி முழுக்க வெறுமையாக இருந்தது.

ஏடு செப்டெம்பர் பத்தொன்பதாம் திகதி தபாலில் போனது. பட்டம் கிடைத்ததா என்றால், கிடைத்தது. அதை முதலே சொல்லிவிடலாம், ஒளித்து வைக்க அதில் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முன்னால் தை மாதம் ஒரு கடிதம் வந்தது.

ஆறாம் அதிகாரம் அரிய சேகரம் என்று பரீட்சகர்கள் புகழ்ந்திருந்தார்கள். ஒரேயொரு குறை. கூடப் பிடிக்கிற குரல் இல்லாமல் ஒப்பாரி இல்லை என்று மூன்றாம் அதிகாரத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இந்த ஒப்பாரியில் கீழ் வரி ஏன் வெறுமையாக இருக்கிறது? ஒரு மாதத்துக்குள் அதை நிரப்பி அனுப்பினால்தான் பட்டத்துக்குச் சிபாரிசு செய்யமுடியும்.

நிரப்புவது ஒன்றும் பெரிய காரியமில்லை. பத்தொன்பது செத்தவீட்டில் கூடப் பிடித்தவளுக்கு எந்த இடத்தில் எந்தச் சுரம் வரும் என்று தெரியாதா? பென்சிலை எடுத்து முதல் அடிக்குக் கீழே எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள், அழித்தாள். எழுதப் போகிற ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கைகள் நீண்டன. ஒரு கிழமையில் கடதாசி தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. யாரும் பிடிக்காத இடத்தில் பிடித்ததாக எழுதினால் பேராசிரியருக்குத் தெரியவராது. அம்மாவுக்கு வாசிக்கவே தெரியாது. இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டுந்தான் தெரியும், அந்த ஒருத்தியோடுதான் அவள் சாகும்வரை இருக்கவேண்டும்.

கடைசியில் கொப்பியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"அண்டைக்கு நீ கை நீட்டினனீ அம்மா. நான் கண்டனான். கண்டுகொண்டுதான் எழுதினனான்."

"எனக்கும் தெரியும்" என்றாள் சிவக்கொழுந்து. அடுப்பில் இருந்து விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். "கொப்பியிலை முழுக்க இருக்கோ?"

"ஓம்."

"எனக்கு மறந்துபோச்சு. நீ அதைப் பாத்துச் சொல்லு. நான் கூடப் பிடிக்கிறன்."

"பட்டப்பகல் அம்மா. ஆக்கள் வருவினம்."

"வரட்டும்."

கண்ணால் காணாத தமையனுக்குக் குணலட்சுமி கொப்பியைப் பார்த்து ஒப்பாரி சொன்னாள். முதல் அடி பள்ளிக்கூடப் பாட்டுப் போலத்தான் வந்தது. 'என்ரை ராசா' என்கிற இடத்தில் அம்மா பக்கத்தில் வந்து கூடப் பிடித்தாள். இரண்டாம் அடிக்கு இரண்டு பேருடைய கையும் இரண்டு பேருடைய தோளிலும் இருந்தது. கொப்பி மடியில் இருந்து விழுந்து எங்கோ போனது. அதற்குப் பிறகு அவளுக்கு அது தேவைப்படவில்லை.

படலை திறந்தது. சின்னாச்சி பாதிக் கொண்டையை அவிழ்த்தபடி ஓடி வந்தவள், போனமுறை பட்ட வெட்கம் நினைவுக்கு வர வாசலிலேயே நின்றாள்.

"உதென்ன பிள்ளை, திரும்பவும் ஆராய்ச்சியோ? ஆர் செத்தது எண்டு சொல்லிப்போட்டு அழுங்கோவன்!"

சிவக்கொழுந்து தலை நிமிரவில்லை. "என்ரை மூத்தவன்" என்றாள்.

சின்னாச்சியின் கை கொண்டையில் அப்படியே நின்றது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பு இந்த வாயைப் பொத்தின கை. வேலிக்கு அப்பால் யாரோ என்ன என்ன என்று கேட்டார்கள். சின்னாச்சி மிச்சக் கொண்டையையும் அவிழ்த்து விட்டு, உள்ளே வந்து இருந்து, ஒரு கையைச் சிவக்கொழுந்தின் தோளிலும் மறு கையைக் குணலட்சுமியின் தோளிலும் போட்டாள்.

"அவனுக்கு என்ன பேர் நினைச்சு வைச்சிருந்தனீ, அக்கை?"

"சண்முகநாதன்."

அந்தப் பேரைக் குணலட்சுமியும் அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டாள். சின்னாச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அடுத்த அடியைத் தொடங்கினாள். எழுதுவதற்கு அங்கே ஒரு கையும் மிச்சம் இருக்கவில்லை.